ஆறு மணி ஆனால் போகும் வைஃபை

அம்மா போன வருஷம் பாட்டு வகுப்பில் சேர்ந்தார். ஆன்லைன் வகுப்புதான். திங்கள் முதல் சனி வரை, மாலை ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்து ஏழு மணி வரை. டீச்சர் இருப்பது மதுரையில். கூடப் படிக்கும் பதினாலு பேரும் அறுபதைத் தாண்டிய பெண்கள். மேற்கு மாம்பலம் வீட்டுக் கூடத்தில் முக்காலி போட்டு, அதன் மேல் சொம்பு வைத்து, சொம்பில் போனைச் சாய்த்து, எதிரே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். அந்த ஒன்றேகால் மணி நேரம் வீட்டில் யாரும் குக்கர் வைக்கக் கூடாது.

மூன்றாவது வாரம் புகார் வர ஆரம்பித்தது. "டீச்சர் வாயைத் திறந்தபடியே நின்னுடறாங்கடா. திரும்ப வந்தா எல்லாரும் அடுத்த அடிக்குப் போயிருக்காங்க. நான் மட்டும் நடுவுல தொங்கிட்டிருக்கேன்."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா" என்றேன். நம் ஊரில் இது வைத்தியம் இல்லை, திருஷ்டி சுற்றுவது மாதிரி ஒரு சடங்கு. போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். ரூட்டரையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். மறுநாள் ஆறு மணிக்கு மறுபடியும் போச்சு.

நான் நெட்வொர்க் படித்தவன் இல்லை. கணக்கு எழுதும் மென்பொருள் விற்கும் கம்பெனியில் வேலை. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் ஆள் என்றால் வீட்டு மிக்ஸியிலிருந்து வைஃபை வரை எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது குடும்பத்தில் எழுதப்படாத சட்டம். நான் இருப்பது பள்ளிக்கரணைப் பக்கம். சாயங்கால டிராஃபிக்கில் வேளச்சேரியைத் தாண்டி மாம்பலம் போய்ச் சேர்வதற்குள் பாட்டு வகுப்பே முடிந்துவிடும். அதனால் முதல் ஒரு மாதம் போனிலேயே வைத்தியம் பார்த்தேன். அதில் பெரிய தப்பு, 'நெட்வொர்க் ரீசெட்' செய்யச் சொன்னது. அது போனில் சேமித்திருந்த வைஃபை கடவுச்சொற்கள், ப்ளூடூத் இணைப்புகள் எல்லாவற்றையும் துடைத்துவிடும். இரண்டு நாள் கழித்து, "என் இயர்போன் செத்துப் போச்சுடா" என்று இன்னொரு புகார் வந்ததுதான் மிச்சம். போனின் மென்பொருளில் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த பிறகு, கடைசியாகச் செய்ய வேண்டியது அது. நான் முதலில் செய்தேன்.

அப்புறம் நெட் கொடுக்கும் கம்பெனிக்குப் புகார். ஒரு பையன் வந்தான். வந்தது காலை பதினொரு மணிக்கு. வேகம் அளந்து பார்த்தால் நாங்கள் கட்டும் காசுக்கு மேலேயே வருகிறது. "லைன் சூப்பரா இருக்கும்மா, உங்க போன்தான் பழசு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் மேல் தப்பில்லை. காலை பதினொரு மணிக்கு நான் பார்த்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். புதுப் போன் வாங்கலாமா என்று விலைகூடப் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிப் போய் உட்கார்ந்தேன்.

போனின் மேல் மூலையில் விசிறி மாதிரி ஒரு படம் இருக்கிறதே, அதை நாம் 'நெட் இருக்கிறது' என்று படிக்கிறோம். அது சொல்வது அதுவல்ல. போனுக்கும் ரூட்டருக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து அடியைப் பற்றித்தான் அது பேசுகிறது. அதற்குப் பிறகு ஃபைபர், தெருக் கம்பம், கம்பெனி, அதற்கப்பால் உலகம் என்று எவ்வளவோ இருக்கிறது. சில சமயம் விசிறிக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி வரும், 'கனெக்டெட், இன்டர்நெட் இல்லை' என்று எழுதும். அது எப்படித் தெரிகிறது என்றால், வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரிக்குக் குட்டியாக ஒரு கேள்வி அனுப்பும். '204' என்ற எண்ணோடு வெறுமையாக ஒரு பதில் வர வேண்டும். வந்தால் சரி, வரவில்லை என்றால் ஆச்சரியக்குறி. ஆக ஆச்சரியக்குறி வந்தால் போனுக்கும் ரூட்டருக்கும் பெரும்பாலும் சண்டை இல்லை, சண்டை அதற்கப்பால்.

எந்தப் பக்கம் கோளாறு என்று பிரிக்காமல் கை வைத்தால் என் கதைதான். பிரிப்பதற்கு இலவசமாகக் கிடைக்கும் பிங் செயலி ஒன்று போதும். பிங் என்பது கதவைத் தட்டி "இருக்கீங்களா?" என்று கேட்பது. முதலில் ரூட்டரின் கதவு. பல வீடுகளில் அது 192.168.1.1, இல்லாவிட்டால் 192.168.0.1. வைஃபை விவரத்தில் 'கேட்வே' என்ற இடத்தில் சரியான எண் இருக்கும். அப்புறம் வெளியே ஒரு கதவு, கூகுளின் 8.8.8.8. ரூட்டர் உடனுக்குடன் பதில் சொல்லி, வெளிக் கதவு மட்டும் தடுமாறினால் புகாரை கம்பெனிக்குச் சொல்லுங்கள். ரூட்டரே திக்கித் திணறினால் கோளாறு வீட்டுக்குள். அன்று காலை இரண்டும் டாண் டாண் என்று பதில் சொன்னன.

சிக்னலையும் அளந்தேன். சிக்னலின் அளவு டிபிஎம் என்ற கணக்கில், கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ரூட்டருக்குக் கீழே -42, அம்மாவின் நாற்காலியில் -58. வீடியோ பேச -67 வரைக்கும் கவலை இல்லை. -80-ஐ நெருங்கினால் நம்ப முடியாது. படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றேன், -79. இரும்பு பீரோ, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி, இரண்டும் ரேடியோ அலைக்குச் சுவர் மாதிரிதான். இந்தக் கணக்கில் 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு என்று அர்த்தம். நாற்காலிக்கும் பீரோவின் பின்பக்கத்துக்கும் இருபத்தொன்று குறைகிறது என்றால் நூற்றில் ஒரு பங்கு சிக்னல்கூட அங்கே வரவில்லை. நம் வீடுகளில் வைஃபையின் பரம எதிரி பீரோதான் என்று நினைக்கிறேன். இரண்டாவது எதிரி தண்ணீர் டிரம்.

ஆனால் அம்மா பாடுவது பீரோவுக்குப் பின்னால் இல்லை. -58 என்பது தாராளம்.

அக்கம்பக்கத்தில் என்னென்ன வைஃபை ஓடுகிறது என்று காட்டும் செயலியைத் திறந்தேன். 27 பெயர்கள். ஒருத்தர் 'நெட் கேட்காதே' என்று பெயர் வைத்திருந்தார், இன்னொருத்தர் 'ஓம் நமசிவாய'. 27-இல் 22 பேர் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில். சென்னையில் அடுக்குமாடி வீடு என்றால் இதுதான் நிலவரம். அந்த அலைவரிசையின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். அதை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் 13 சேனல்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு ரூட்டர் பேசுவதற்குக் குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். ஆக ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. 22 வீடு, மூன்று பாதை.

ஒரே சேனலில் இருக்கும் ரூட்டர்களுக்குக் கொஞ்சம் நாகரிகம் உண்டு. ஒருத்தர் பேசும்போது மற்றவர் காத்திருப்பார், ரேஷன் கடை வரிசை மாதிரி. வரிசை நீளமானால் தாமதமாகும், அவ்வளவுதான். 3, 8 என்று நடுவில் போய் உட்காருகிற ஆள்தான் பிரச்சினை. பக்கத்துச் சேனல்காரர் பேசுவது அவர் காதுக்கு வெறும் இரைச்சலாகத்தான் விழும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தி இரண்டு பேர் பேச்சும் கெடும். எங்கள் பக்கத்தில் அப்படி இரண்டு புண்ணியவான்கள் இருந்தார்கள்.

மைக்ரோவேவ் அடுப்பும் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது, 2.45 கிகாஹெர்ட்ஸில். ப்ளூடூத்தும் இங்கேதான். இது தற்செயல் இல்லை. அடுப்பு மாதிரியான கருவிகளுக்கென்று ஒதுக்கி, வேறு யாரும் விரும்பாமல் கிடந்த அலைவரிசையை 1985-இல் அமெரிக்கா, உரிமம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள் என்று திறந்துவிட்டது. வைஃபை வளர்ந்தது அந்தப் புறம்போக்கில்தான். இந்தியாவில் 2.4-க்கு உரிமம் தேவையில்லை என்று 2005-இல் அறிவித்தார்கள். 2018-இல் வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸிலும் தாராளமாக இடம் விட்டார்கள். அந்த 5-இல் சேனல்கள் நிறைய. ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது சோம்பேறி. 'ரேஞ்ச் குறைவு' என்று இதைக் குறையாகச் சொல்வார்கள். மாம்பலம் மாதிரி இடத்தில் அதுதான் வரம். பக்கத்து வீட்டு 5 நம் வீட்டுக்குள் அவ்வளவாக வராது.

சரி, அம்மாவின் போன் எதில் இருக்கிறது என்று பார்த்தேன். 5-இல்தான் இருந்தது. சிக்னல் நன்றாக, கூட்டம் இல்லாமல், ஒரு குறையும் இல்லாமல். சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டு, வேறு வேலை இருந்ததால் நாலு மணிக்குக் கிளம்பிவிட்டேன். ஆறு மணிக்கு அம்மாவிடமிருந்து போன். "போச்சுடா."

அப்போதுதான் புத்தி வந்து, "எப்பப்போ போகுதுன்னு எழுதி வைம்மா" என்றேன். அம்மா கணக்கு எழுதுவதில் கெட்டிக்காரி. பால், கேஸ், கீரைக்காரம்மாவுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டிய நோட்டு எல்லாம் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் இருக்கும். அங்கேயே வைஃபை கணக்கும் ஏறியது. பன்னிரண்டு நாள் கழித்துப் போனபோது தாள்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார். 6.05. 6.10. 6.02. 6.20. ஒரு வியாழக்கிழமை மட்டும் கோடு போட்டு, 'இல்லை, நல்லா இருந்தது' என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு நாளின் பக்கத்திலும் ஏறக்குறைய இதே குறிப்பு: '2, 3 நிமிஷம் சுத்தமா இல்லை. அப்புறம் வந்தது. ஆனா இழுவை.'

இந்த மூன்று வாக்கியத்தை விட நல்ல கோளாறு அறிக்கையை நான் ஆபீசில்கூடப் பார்த்ததில்லை. 'சுத்தமா இல்லை' என்பதும் 'இழுவை' என்பதும் ஒரே நோய் இல்லை. நான் ஒரு மாதமாக இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'நெட் சரியில்லை' என்று தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். இன்னொன்று, போன் பழசு என்றாலோ, பீரோ மறைக்கிறது என்றாலோ, அது ஆறு மணிக்காகக் காத்திருக்காது. கடிகாரம் பார்த்து வரும் கோளாறுக்குப் பின்னால் கடிகாரம் பார்த்து எதையோ செய்யும் ஒரு ஆள் இருப்பார்.

அந்த ஆள் யார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. வகுப்பு இல்லாத நாள். ஆறு மணிக்குச் சும்மா வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டேன். அக்கா பெண்ணின் பரீட்சை பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் 'ஊங்' என்று ஒரு சத்தம் எழுந்தது. "வாட்ச்மேன் மோட்டார் போட்..." என்பதோடு அம்மாவின் முகம் நின்றுவிட்டது.

மோட்டார்!

எங்கள் கட்டடம் 1987-இல் கட்டியது. எட்டு வீடு. கீழே சம்ப், மொட்டை மாடியில் டேங்க், நடுவில் பெருமூச்சு விடும் ஒரு பழைய மோட்டார். காலையில் ஒரு தடவை, மாலை ஆறு மணி வாக்கில் ஒரு தடவை வாட்ச்மேன் தண்ணீர் ஏற்றுவார். அவர் டீ குடித்துவிட்டு வருவதைப் பொறுத்து 6.02-ஓ 6.20-ஓ ஆகும். அந்த வியாழக்கிழமை அவர் திண்டிவனத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாராம். கீழ்வீட்டு சார் மத்தியானமே தண்ணீர் ஏற்றிவிட்டார். காலையிலும் வைஃபை போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். அந்த நேரத்தில் அம்மா போனை எடுப்பதில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு ஆறு மணிக்கு ரூட்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் ஒன்றேதான். பரண் ஓரத்தில், பழைய பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் இருக்கும். கீழே மோட்டார் 'ஊங்' என்றது. கூடத்து பல்பு ஒரு இமைப்பு மங்கியது. ரூட்டரின் எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தது, பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இதை யாராவது முன்பே பார்த்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். 'எல்.ஓ.எஸ்.' என்று எழுதிய விளக்கு மட்டும் சிவப்பாக மின்னினால் ஃபைபரில் கோளாறு. மழைநீர் வடிகாலுக்குத் தெருவைத் தோண்டும்போது நம் ஏரியாவில் எல்லோருக்கும் பழக்கமான சிவப்பு அது. எல்லா விளக்கும் சேர்ந்து அணைந்தால் அது கரண்ட் விஷயம். (அந்த ஃபைபர் முனையைக் கழற்றி, ஒளி வருகிறதா என்று கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு நல்லதில்லை.) சந்தேகம் தீர ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தையும் திறந்தேன். 'அப்டைம்' என்று ஒரு வரி இருக்கும், எவ்வளவு நேரமாக அணையாமல் ஓடுகிறது என்பதைச் சொல்வது. 4 நிமிஷம் என்றது. ஆறு வருஷமாக மாட்டி வைத்திருக்கும் பெட்டி, 4 நிமிஷம்.

மோட்டார் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும். வோல்டேஜ் சட்டென்று இறங்கி ஏறும். நல்ல அடாப்டராக இருந்தால் அதைத் தாங்கிவிடும். உள்ளே இருக்கும் கெபாசிட்டர், வீட்டில் குடத்தில் பிடித்து வைத்த தண்ணீர் மாதிரி, குழாய் நிற்கும் அந்தக் கணத்துக்குக் கை கொடுக்கும். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்தால் கெபாசிட்டர் காய்ந்து போகும், குடம் சுருங்கிவிடும். எங்கள் அடாப்டர் ஆறு வருஷமாகப் பரணில், சென்னை வெயிலில், பேப்பர் கட்டுக்கு நடுவில். தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரி இல்லாவிட்டாலும் அடுத்த தோசைக்குத் தயாராகும் சூடு.

மவுண்ட் ரோட்டிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் அடாப்டரை மூட்டை மூட்டையாகக் குவித்து வைத்திருப்பார்கள். ஒரு சின்னக் கடைக்காரரிடம் பழையதை நீட்டினேன். மீட்டரை வைத்துப் பார்த்தார். 12.1 வோல்ட். "நல்லாத்தானே இருக்கு?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் மேஜைக்குக் கீழே இருந்து பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எடுத்து, இரண்டு ஒயரில் அடாப்டரோடு கோத்தார். பல்பு எரிந்தது. மீட்டர் பத்தரைக்கு இறங்கி, அங்கேயும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. "சும்மா அளந்தா எல்லா அடாப்டரும் நல்ல பிள்ளைதான் சார். வேலை கொடுத்துப் பாக்கணும்" என்றார்.

புது அடாப்டர் 280 ரூபாய். வோல்ட் அச்சாக அதே இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், பின்னின் உள்முனை பிளஸ்தானா என்பதைப் படம் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். புதுப் போனுக்கு நான் பார்த்து வைத்திருந்த விலை இருபத்திரண்டாயிரம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அன்று மாலை மோட்டார் ஓடியது, ரூட்டர் அசையவில்லை. வகுப்பு முழுதாக முடிந்தது.

அப்போ 'இழுவை'? அதுவும் போய்விட்டது. ஆனால் ஏன் போனது என்று தெரியாமல் விட மனசு வரவில்லை. ராத்திரி ரூட்டரை நானே அணைத்துப் போட்டுப் பார்த்தேன். விளக்குகள் வந்தன. போன் வைஃபையில் சேர்ந்தது. எதில்? 2.4-இல்! ஐந்து நிமிஷம் கழித்தும் அங்கேயே. அரை மணி கழித்தும் அங்கேயே.

காரணம் வேடிக்கையானது. 5 கிகாஹெர்ட்ஸின் நடுப்பகுதியில் இருக்கும் சேனல்களில் ரேடார்களும் இருக்கலாம். அதனால் அந்தச் சேனல்களைப் பிடிக்கும் ரூட்டர், பேச ஆரம்பிப்பதற்கு முன் குறைந்தது ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு, ரேடார் எதுவும் ஓடவில்லையே என்று கேட்க வேண்டும் என்பது விதி. (மழைக்காலத்தில் நாம் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை படம் பார்க்கும் துறைமுகத்து வானிலை ரேடார் இல்லை இது. அது எஸ் பேண்ட் என்ற வேறு அலைவரிசை, 5-இன் பக்கமே வராது.) எங்கள் ரூட்டர் 'ஆட்டோ'வில் இருந்து சேனல் 100-ஐப் பிடித்து வைத்திருந்தது. ஆக ஒவ்வொரு தடவை விழுந்து எழும்போதும் 2.4 முதலில் வந்துவிடும், 5 ஒரு நிமிஷம் மௌனவிரதம். இரண்டுக்கும் ஒரே பெயர். அம்மாவின் போன் முதலில் கண்ணில் பட்டதில் ஏறிக்கொள்ளும். ஏறின பிறகு இறங்காது. போன்கள் பெரும்பாலும் சிக்னல் நலிந்தால்தான் வேறு இடம் தேடும்; 2.4-இல் சிக்னல் -48, கொழுத்த சிக்னல். கூட்டம் இருக்கிறது என்பதற்காக அது இடம் மாறுவதில்லை. ஆறு மணிக்கு மேல் 22 வீட்டிலும் டிவி, போன் எல்லாம் ஓடும். அந்த வரிசையில் நின்றுகொண்டுதான் அம்மா மீதிப் பாட்டைப் பாடியிருக்கிறார். மொபைல் டேட்டாவுக்கு மாறியிருக்கலாமே என்றால், காசு போய்விடும் என்று அதை எப்போதும் அணைத்து வைத்திருப்பவர். மறுநாள் காலை போனோடு காய்கறிக் கடைக்குப் போய்விட்டு வருவார். திரும்பி வாசலில் நுழையும்போது போன் நல்ல பிள்ளையாக 5-இல் சேர்ந்துவிடும். பதினொரு மணிக்கு அந்தப் பையன் வந்து அளந்தபோது எல்லாம் சூப்பர்.

5-ஐ சேனல் 36-இல் நிறுத்தினேன். 36 முதல் 48 வரை ரேடார் காத்திருப்பு கிடையாது. 2.4-க்கு வேறு பெயர் கொடுத்து, அம்மாவின் போனிலிருந்து அந்தப் பெயரை மறக்கச் செய்தேன். டிவி அதிலேயே இருந்துகொள்ளட்டும்.

இந்தக் கதையை அம்மா எட்டு வீட்டிலும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மாம்பலம் போனாலே யாராவது ஒருத்தர் போனோடு படியேறி வருகிறார்கள். மாடி வீட்டு அக்காவின் புதுப் போன் அவர்கள் வீட்டு வைஃபையில் சேரவே மாட்டேன் என்றது. கடவுச்சொல் சரி, பழைய போனில் எல்லாம் ஓடுகிறது. ரூட்டருக்குள் போய்ப் பார்த்தால், இப்போது ஜெர்மனியில் இருக்கும் அவர் பையன் எப்போதோ பாதுகாப்புக்காக, வீட்டுக் கருவிகளின் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கும் அடையாள எண்) மட்டும் அனுமதிக்கும்படி பட்டியல் போட்டு வைத்திருக்கிறான். புதுப் போன் அந்தப் பட்டியலில் இல்லை. போனின் பெட்டியில் அச்சிட்டிருந்த முகவரியைப் பட்டியலில் ஏற்றினேன். அப்போதும் சேரவில்லை. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இலிருந்து போன்கள் உண்மையான முகவரியைக் காட்டாமல், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஐபோனில் அடுத்த வருஷம் ஐஓஎஸ் 14-இல் வந்தது. தெருவில் போகிற வருகிற கடைகளெல்லாம் நம்மைப் பின்தொடராமல் இருக்க நல்ல ஏற்பாடு. வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்ததும் சேர்ந்தது. அந்தப் பட்டியலையே எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன், பையன் போட்டது என்று அவருக்கு மனசு வரவில்லை.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் தங்கியிருக்கும் ஆபீஸ் தம்பிக்கு வேறு மாதிரி. ராத்திரியானால் 'ஐபி முகவரி பெறப்படுகிறது' என்று சுற்றிக்கொண்டே இருக்கும், சேராது. காலையில் சேரும். ரூட்டர் தன்னிடம் வருகிற ஒவ்வொரு கருவிக்கும் ஒரு டோக்கன் மாதிரி எண் கொடுக்கும். அங்கே அது 100 முதல் 199 வரை, நூறு டோக்கன். ஒரு டோக்கன் 24 மணி நேரம் செல்லும். மூன்று மாடி, ஆளுக்கு ஒரு போன் ஒரு லேப்டாப், வந்து போகிற சினேகிதர்கள். டோக்கன் வாங்கியவர் ஊருக்கே போய்விட்டாலும் அவர் டோக்கன் மறுநாள் வரை அவர் பெயரில்தான். மேனேஜரிடம் சொல்லி ஆயுளை இரண்டு மணி நேரமாகக் குறைத்ததில் தீர்ந்தது.

போனே குற்றவாளியாக இருப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதுதான் இருப்பதிலேயே சுலபம். ஒரே மாதிரி இரண்டு போனைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து டிபிஎம் பாருங்கள். என் போனுக்குப் போன தீபாவளி சமயத்தில் டிஸ்ப்ளே மாற்றினேன். அதற்குப் பிறகு அது -71 காட்டிய இடத்தில் மனைவியின் அதே மாடல் போன் -50 காட்டியது. உள்ளே ஆன்டெனா ஒயரின் முனை ஒரு சின்ன பட்டன் மாதிரி இருக்கும். மாற்றியவர் அதைச் சரியாக அழுத்தாமல் மூடிவிட்டார். திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன், விரலால் ஒரு அழுத்து. காசு வாங்கவில்லை, முகம் மட்டும் சுளித்தார். சிக்னலைக் கூட்டும் என்று பின்பக்கம் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர் விற்பார்கள். அதற்குக் கொடுக்கும் காசில் இரண்டு டீ குடிக்கலாம்.

பழைய அடாப்டரைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். போன வாரம் டேபிள் டிராயரில் கத்தரிக்கோல் தேடும்போது கையில் பட்டது. ஒயரை அழகாகச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துச் செருகியிருந்தார். அதில் அம்மாவின் கையெழுத்தில்: 'நல்ல அடாப்டர். மோட்டார் போடாதபோது வேலை செய்யும்.'